இரண்டு பேர் கேட்ட குருகு

“ஊ...ம்ம்... ஊ...ம்ம்...”

நாணலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

கருங்குருகு! சந்தேகமே இல்லை. இந்த ஏரியில் அது கத்தி எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. தூர் வாருகிறோம் என்று இயந்திரங்கள் வந்து தென்கரையைக் கலக்கிவிட்டுப் போனதிலிருந்து, அந்தப் பறவை போனது போனதுதான். இப்போது... முதல் மழையின் தூறலில், முழங்கால் சேற்றில் நிற்கும் அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிறது!

ஒருத்திக்கு மட்டும் என்றால், அவள் கையில் இருந்த ஃபோனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஃபோனில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே குருகின் குரல்தான். எங்கேயோ யாரோ பதிவு செய்து வைத்தது. அதைப் போட்டுத்தான் இவள் பறவையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பறவை பார்ப்பவர்களுக்குள் இதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. முட்டை வைக்கும் காலத்தில் பதிவுக் குரலைப் போட்டால், ‘எவனோ நம்ம இடத்துக்கு வந்துட்டான்’ என்று குருகு கூட்டை விட்டு எழுந்து சண்டைக்கு வரும். முட்டை சூடாறிப் போகும். குரல் போடுகிறவன் ஏரிப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று ஏரிக் குழுவில் சட்டம் போட்டது யார் தெரியுமா? இவளுடைய சொந்த அண்ணன்!

அண்ணனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘காது அண்ணன்’ என்றால்தான் தெரியும். கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வண்டி வாசலில் நுழையும்போதே, “டைமிங் செயின் தளர்ந்திருக்கு, உள்ள விடு” என்பார். ஏரியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பறவைக் குரலை வைத்தே அது கிளுவை, இது முக்குளிப்பான் என்று அடுக்குவார். அப்பா அம்மா போன பிறகு இவளை வளர்த்து ஆளாக்கி, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்கிற அளவுக்குப் படிக்க வைத்தவரும் அவர்தான். ஆனால் ஏரிக்கரையில் இவள் யார்? காது அண்ணனோட தங்கச்சி. அவ்வளவுதான். இவளாகக் கண்டுபிடித்த பறவை என்று ஒன்றே ஒன்று... ஒன்று இருந்தால் போதாதா?

அந்த ஆசைதான் அவளைச் சேற்றில் இறக்கியது.

குரல் இன்னும் கிட்டே வந்தது. குழுவுக்குச் செய்தி அனுப்பினாள். ‘தென்கரை நாணல். கருங்குருகு. குரல் மட்டும். தெளிவாகக் கேட்டேன்.’ அனுப்பிவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஃபோனை அமுக்கினாள். “ஊ...ம்ம்...”

“ஊ...ம்ம்...” என்றது பதில். நாணல் விலகியது.

வெளியே வந்தது ஓர் ஆள்!

இடுப்பு வரை சேறு. தலையில் நாணல் பூ. கண்களை இடுக்கிக்கொண்டு, ஃபோனை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தான். அந்த ஃபோனிலிருந்துதான் குருகு கத்தியது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் ஃபோன் ‘ஊ...ம்ம்’ என்றது. அவள் ஃபோன் ‘ஊ...ம்ம்’ என்றது. இரண்டு ஃபோன்களும் ரொம்ப நாள் பழகியவை போலப் பேசிக்கொண்டன.

“நீங்க... நீங்கதானா குருகு?” என்றாள்.

“நான் இல்லைங்க. நீங்கதான் குருகுன்னு நெனச்சு நான்...”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அறிவிருக்கா உங்களுக்கு? முட்டை வைக்கிற காலத்துல யாராவது குரல் போடுவாங்களா?”

“அப்ப உங்க கையில இருக்கிறது என்னங்க... தொண்டையா?”

ஃபோனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அது அங்கேயும் போய் ‘ஊ...ம்ம்’ என்றது. சனியன்! அணைக்கத் தெரியாமல் அணைத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியவில்லை, கத்தாமல் இருக்கவும் முடியவில்லை.

“நான் புதுசுங்க. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறேன். போன மாசம்தான் ஏரிக் குழுவுல சேர்ந்தேன்” என்றான் அவன் மெதுவாக. “என்னைத் தெரிஞ்சிருக்கும். பிளாஸ்டிக் கவர்னு...”

“ஐயோ... அந்தக் கவர் நீங்கதானா?”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. நடு ஏரியில் குச்சியில் மாட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் கவரைப் பார்த்து, ‘பெரிய வெள்ளைக் கொக்கு, நெடுநேரமாக அசையாமல் தவம்’ என்று குழுவில் எழுதிய மகானுபாவன்! அன்றைக்கு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களே...

“ஆளோட எலும்பு வரைக்கும் பாக்கிறவருக்கு ஒரு கவர் தெரியலையா?”

“அதுக்குத்தாங்க வந்தேன். ஒரு நல்ல பறவை சொன்னா அந்தப் பேரு போயிடும்னு...” என்று அசடு வழியச் சிரித்தான். “நீங்க யாருங்க?”

அவள் சிரிப்பு நின்றது. “காது அண்ணனோட தங்கச்சி.”

அவன் முகம் வெளுத்தது. அதே நேரம் அவள் ஃபோன் அதிர்ந்தது. அண்ணனின் குரல் செய்தி.

“குட்டி! நெஜமாவாடி? எத்தனை வருஷமாச்சு... நான் இல்லாத நேரமாப் பாத்துக் கூப்பிட்டிருக்கு பாரு! உன் காதுக்குச் சர்க்கரைதான் போடணும்.” அந்தக் கரகரத்த குரல் கடைசியில் உடைந்தே போனது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘தப்பாக் கேட்டுட்டேண்ணா’ என்று ஒரு வரி. கட்டை விரல் எழுத்துகளின் மேல் நின்றது... நின்றுகொண்டே இருந்தது. அதற்குள் குழுவில் பேங்க் மேனேஜரம்மா எழுதிவிட்டார். ‘நல்ல சேதிதான். ஆனால் ஒருவர் கேட்டால் சேதி, இருவர் கேட்டால்தான் கணக்கு. வேறு யாராவது கேட்டீர்களா?’

இதுவும் அண்ணன் போட்ட சட்டம்தான். அவளுக்குக் கண் கலங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தாளா, போச்சே என்று நினைத்தாளா... அவளுக்கே தெரியவில்லை. திரையில் அடுத்த வரி வந்து விழுந்தது.

‘நானும் கேட்டேன். அதே நாணல்.’

நிமிர்ந்தாள். எதிரே அவன், ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏங்க அப்படிப் போட்டீங்க?”

“கேட்டேனே... அது பொய்யா?” என்றான். பிறகு குரல் இறங்கியது. “உங்க முகம் அழுற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு வேற என்ன செய்றதுன்னு தெரியலைங்க.”

மழை வலுத்தது. அவன் இமைகளில் துளிகள் தொங்கின. கண்களை இடுக்கி இடுக்கி அவளையே பார்த்தான். ‘பாவம், இந்த ஆளுக்குத் தூரப்பார்வை சரியில்லை’ என்று அவளுக்குள் இருந்த கண்ணாடிக் கடைக்காரி நினைத்தாள். ‘என்ன கண்ணு இது... குழந்தைக் கண்ணு’ என்று வேறு யாரோ ஒருத்தி நினைத்தாள். அந்த இன்னொருத்தியை அதட்டி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

*

மழை ஓய்ந்து பனி இறங்கியது. ஏரி நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய வாத்து. ஊசிவால் வாத்துகள் முதலில் வந்தன. கிளுவைகள் பின்னாலேயே வந்தன. சேற்றுப் பருந்து ஒன்று தாழப் பறந்து எல்லோரையும் எழுப்பிவிடுவதையே வேலையாக வைத்திருந்தது.

எக்ஸ்ரே ஒரு நாள் கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றான்.

“கண்ணு பாக்கணும்.”

“எந்தக் கண்ணு?” என்றாள், எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டபடி.

“ரெண்டும்தாங்க... என்னோடது.”

இரண்டாவது வரிக்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை. சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். “இதுல தெளிவா இருக்கா... இல்ல இதுலயா?” என்று தொழில் குரலில்தான் கேட்டாள். ஆனால் இரண்டு விழிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்கச் சின்ன அளவுகோலோடு கிட்டே போக வேண்டியிருந்ததே! “என் கண்ணை நேராப் பாருங்க” என்று தினம் நாலு பேரிடம் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு மட்டும் அதைச் சொல்லிவிட்டு அவளே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவன் பார்த்தான். நேராகத்தான் பார்த்தான். அவளுக்கு அளவு தப்பிப்போய், மறுபடியும் அளக்க வேண்டியதாயிற்று.

“இப்பத் தெரியுதா?” என்று கடைசி வில்லையைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“நல்லாத் தெரியுது” என்றான். பலகை இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு விடுமுறைக் காலைகளில் இருவரும் ஏரிக்கரையில் சந்தித்துக்கொண்டார்கள். கூட்டமாகத்தான். ஆனால் கூட்டத்திலிருந்து பத்தடி பின்தங்கி. வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வட்டமிட்டால், “மூச்சை இழுங்க... அடக்குங்க...” என்பான் எக்ஸ்ரே அறைக் குரலில். வாத்துகள் இறங்கிய பிறகு, “இப்ப விடலாம்” என்பான். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொள்வாள். இந்தச் சிரிப்பெல்லாம் முன்னால் அண்ணனின் முதுகு கண்ணில் படும்வரைதான். பட்டதும் இருவர் முகமும் சேர்ந்து தொங்கிப்போகும்.

அண்ணனோ அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். “என் தங்கச்சிக்கு அடுத்து இந்த ஏரியில நல்ல காது தம்பிக்குத்தான்!” என்று எல்லோரிடமும் சொன்னார். ‘கவர்’ என்று கூப்பிட்டவரை முறைத்தார். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவன் கூனிக் குறுகுவதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? ‘குட்டி கண்டுபிடிச்ச குருகு’ என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அதோடு விட்டாரா அவர்? தினமும் விடிகிற நேரத்தில் தென்கரை நாணலுக்கு எதிரே போய் உட்கார ஆரம்பித்தார். சால்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பனியில். குருகு எப்படிக் கத்தும்? இருந்தால்தானே! திரும்பி வந்து, ஆறிப்போன காபியைக் குடிப்பார். மழை நின்றால் குருகு வாய் திறக்காது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர்தான். ஆனாலும் மனசு கேட்க வேண்டுமே...

ஒரு நாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அண்ணன் ஓடிக்கொண்டிருந்த ஒரு என்ஜினின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். காது கேட்காத மெக்கானிக் செய்கிற வேலை என்று அவரே கேலி செய்வாரே, அதேதான். வண்டிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லைங்க, நான் வேற இடத்துல காட்டிக்கிறேன்” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அண்ணி கிசுகிசுத்தாள். “உங்க அண்ணன் டாக்டர்கிட்டக் காதைக் காட்டிட்டு வந்திருக்காரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். வயசுக்கேத்த மாதிரிதான் இருக்குன்னாராம் டாக்டர். அவ்வளவுதான், மனுஷன் இடிஞ்சு போயிட்டாரு.”

“ஏன் அண்ணி... எதுக்குக் காதைக் காட்டினாரு?”

“என்ன கேள்வி இது? நீ கேட்டே, அந்தத் தம்பி கேட்டுச்சு. இவரு இத்தனை நாள் உக்காந்தும் கேக்கலையே. ‘குருகு இருக்கு, எனக்குத்தான் கேக்கல. காது போச்சு’ன்னு அழுறாருடி. நான் அவரு அழுது பாத்ததே இல்ல.”

ஒரு பறவைக்கு ஆசைப்பட்டு அவள் திருடியது எதை? அண்ணனின் காதை!

*

“சொல்லிடலாங்க” என்றான் அவன். ஏரிக்கரை மதகின் மேல் இருவரும் நின்றிருந்தார்கள். அண்ணன் அன்று காலைதான் குழுவிடம் ஆண்டுப் பறவைக் கணக்கெடுப்பை இனி மேனேஜரம்மா நடத்தட்டும் என்று அறிவித்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, கடையில் வேலை அதிகம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இருவராலும் பார்க்க முடியவில்லை.

“எப்படிச் சொல்றது? குரல் போட்டேன்னு சொல்றதா? ஊரைக் கூட்டிப் பொய் சொன்னேன்னு சொல்றதா? அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“இப்ப மட்டும் முழிக்கிறீங்களா?”

சுருக்கென்றது. “உங்களுக்கென்ன, ஈஸியாச் சொல்வீங்க. ‘நானும் கேட்டேன்’னு போட்டது யாரு? நீங்க அதைப் போடலைன்னா இது அன்னைக்கே முடிஞ்சிருக்கும்!”

சொன்ன பிறகுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன. “ஆமாங்க. அது என் தப்புதான்” என்றான். போய்விட்டான்.

நேராக அவள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் வந்து சேர்ந்தபோது கூடத்தில் அவன் குரல் கேட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

“அன்னைக்குக் கத்தினது குருகு இல்ல சார். என் ஃபோன். நான்தான் குரல் போட்டேன். உங்க தங்கச்சி அதைக் கேட்டுட்டு நெஜம்னு நம்பிட்டாங்க. உங்க காதுல ஒரு குறையும் இல்ல. கத்தாத பறவை எப்படிக் கேக்கும்?”

அவள் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

அண்ணன் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “உன் தோள்ல கை போட்டேனேப்பா... என் தங்கச்சியை ஊர் முன்னாடிப் பொய்க்காரி ஆக்கிட்டியே. எந்திரிச்சுப் போயிடு. ஏரிப் பக்கமும் இந்த வீட்டுப் பக்கமும் இனிமே வராத.”

‘போ... போய்ச் சொல்லு... நானும்தான்னு சொல்லு’ என்று மனசு அடித்துக்கொண்டது. கால் நகரவில்லை. ஒரு கதவு, நாலு எட்டு. அவ்வளவுதான் தூரம். வாசலில் அவன் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். இப்படியும் ஒரு பெண் பிள்ளையா என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

“குட்டி, உன் மேல தப்பில்லம்மா” என்று அண்ணன் வந்து தலையைத் தடவினார். அதற்கு அவர் அடித்திருக்கலாம்.

*

வெயில் காலம். வாத்துகளெல்லாம் போய்விட்டன. ஏரி சுருங்கி, நடுவில் ஒரு குட்டையாகிவிட்டது. சுற்றிலும் வெடித்த சேறு. அதில் உள்ளான் குருவிகள் ஓடின. ஆள்காட்டிப் பறவை மட்டும் யாரைக் கண்டாலும் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. அவளைக் கண்டால் கொஞ்சம் அதிகமாகவே கத்துவதாக அவளுக்குத் தோன்றியது.

அவன் குரல் போட்ட கதையை அண்ணன் குழுவிடமும் சொல்லிவிட்டார். காதுக்கு ஒன்றுமில்லை என்று ஆன பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை திரும்பவில்லை. சந்தேகம் ஒரு தடவை நுழைந்தால் லேசில் போகிறதா? “என்னைக் கூப்பிட்டியா குட்டி?” என்று சும்மா இருக்கும்போதே கேட்பார். ஸ்க்ரூ டிரைவர் இன்னும் அவர் மேல்பையிலேயே இருந்தது. ‘உன் காது எனக்குத் தெரியுமே... ஃபோன் சத்தத்துக்கு நீ எப்படி ஏமாந்தே?’ என்று ஒரு தரம் கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

இதற்கு நடுவில் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. வேறு வழியில்லாமல் அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டில் அவன். அவள் கொடுத்த கண்ணாடியில் அவன்.

“மோதிரத்தைக் கழட்டிடுங்கம்மா. கையை இப்படித் தட்டையா வைங்க... அவ்வளவுதான்” என்றான் அண்ணியிடம், அவ்வளவு இதமாக. பிறகு இவள் பக்கம் பார்க்காமலே, “நீங்க வெளியில நில்லுங்க. கதிர் படக் கூடாது” என்றான்.

வெளியில் நின்றாள். ‘அசையாம இருங்க’ என்ற அவன் குரல் கதவு வழியாக வந்தது. அவள் அசையவே இல்லை. கண்ணீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி சொன்னாள். “அந்தத் தம்பி முகத்துல பொய்க்காரக் களையே இல்லையே...”

“ம்.”

“உன் முகத்துல இருக்கு.”

அவள் பொங்கிப் பொங்கி அழுதாள். எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி கட்டுப்போட்ட கையாலேயே அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது நீ. நீயே எடுத்து வை. ஆனா ஒண்ணு... அவருக்காகச் சொல்றியா, அந்தத் தம்பிக்காகச் சொல்றியா?”

“ரெண்டு பேருக்காகவும்தான் அண்ணி.”

“அப்படிப் போடு.”

*

மறுபடியும் முதல் மழை. ஏரிக் குழு ஆண்டின் முதல் நடைக்குக் கூடியது. தண்ணீர் விரிய ஆரம்பித்திருந்தது. தகைவிலான்கள் தரையை உரசிக்கொண்டு பறந்தன. முக்குளிப்பான்கள் முங்கி முங்கி எழுந்தன.

முந்தின நாள் அவள் அவனுக்கு ஃபோன் செய்திருந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! “நாளைக்கு ஏரிக்கு வாங்க.”

“வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே.”

“ஏரிக்குத்தானே வரக் கூடாது? கரை மேல ரோடு இருக்குல்ல... அங்க நில்லுங்க. ரோடு பொது.”

வந்து நின்றிருந்தான். ரோட்டோரத்தில், கையில் ஹெல்மெட்டோடு, மழைக்கோட்டில். அண்ணன் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜரம்மா அன்றைய நடையை ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம்” என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள். காலை ஓர் எட்டு முன்னால் வைத்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற அதே கால்தான்... இந்தத் தடவை விடக் கூடாது.

“போன மழையில நான் கேட்டேன்னு சொன்ன குருகு பொய். அவரு குரல் போட்டாருன்னு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நானும் போட்டேன். நான்தான் முதல்ல போட்டேன். அவரு ஃபோனை நான் குருகுன்னு நெனச்சேன், என் ஃபோனை அவரு குருகுன்னு நெனச்சாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுட்டு நின்னோம். ஃபோனைக் கண்ணால பாத்த பிறகும் நான் உண்மையைச் சொல்லல. அவரு எனக்காகத்தான் ரெண்டாவது சாட்சி சொன்னாரு. எனக்காகத்தான் முழுப் பழியையும் ஏத்துக்கிட்டாரு. அப்ப நான் சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேண்ணா. வாயைத் திறக்கல. உன் காது நல்லாத்தான் இருக்கு. உன் தங்கச்சிதான் சரியில்ல.”

ஒருவர் இருமினார். மானம் கப்பலேறிப் போவது என்றால் இதுதான் போலும்... ஆனால் நெஞ்சு மட்டும் லேசாகிக்கொண்டே வந்தது. என்ன விந்தையோ!

அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் தாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது, தாங்கினாள். “பனியில ஒரு காலம் பூரா உக்காந்தேன்டி” என்றார். “நீ ஒரு வார்த்தை சொல்லலையே குட்டி...” அதற்கு மேல் முடியாமல் திரும்பி நடந்தார். கரையோடு வெகுதூரம் போய், பழைய மதகின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜரம்மாவுக்கு எப்போதும் சமயம் தெரியும். “நாம நடப்போம்” என்று மற்றவர்களை எதிர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் தனியாக நின்றாள். மழை தூறியது. பின்னால் சேற்றில் காலடிச் சத்தம்.

“எதுக்குங்க இப்படி?” என்றான் அவன். கண்ணாடியெல்லாம் மழைத் துளி. “நான்தான் ஏத்துக்கிட்டேனே. அதோட போயிருக்குமே. நீங்க எதுக்கு ஊர் முன்னாடி...”

“என்ன பேசறீங்க நீங்க?” அழுகையும் கோபமுமாக அவள் திரும்பினாள். “எங்க அண்ணன் உங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாரு, நான் உத்தமி மாதிரி நடுவுல நிக்கணுமா? உங்க மேல பழியைப் போட்டுட்டு, அப்புறம் நான் உங்க வீட்டுல எந்த முகத்தோட வாழ்றதாம்?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

ஐயோ...

“என்ன சொன்னீங்க?” அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். அது இல்லாமல் அவனுக்கு ஒன்றும் தெரியாது, இருந்தாலும் கழற்றினான்.

“ஒண்ணுமில்ல.”

“எங்க வீட்டுல... வாழ்றதா?”

“மழை சத்தத்துல உங்களுக்குத் தப்பாக் கேட்டிருக்கும்.” முகம் காதுவரை சிவந்து எரிந்தது. எத்தனையோ விதமான வெட்கத்தை அந்த ஒரு வருஷத்தில் அவள் பார்த்துவிட்டாள். கூசவைக்கிற வெட்கம், குறுகவைக்கிற வெட்கம், தூங்கவிடாத வெட்கம். இது அந்த ரகமே இல்லை. இதற்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

“எனக்கு அன்னைக்கே தோணுச்சுங்க” என்றான் அவன், கிட்டத்தட்ட முணுமுணுப்பாக. “நாணலை விலக்கிட்டு வந்தப்ப... குருகு இல்லைன்னு எனக்கு வருத்தமே வரல. அப்பவே சொல்லியிருக்கணும். பயம். அப்புறம் தினம் தினம் சொல்லணும்னு... உங்களை எனக்கு...”

அவன் குரல் தேய்ந்துபோனது. அவள் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு நின்றாள்.

“என் காது நல்லாத்தான் இருக்கு!”

இருவரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். மதகின் மேல் அண்ணன். இன்னும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவ சொன்னது கேட்டுச்சு! மழை, தூரம், காத்து... எல்லாத்தையும் மீறி ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு! கோவம் தீரலடி, அது தீர்றப்ப தீரும். அதுக்காக, கேட்டதைக் கேக்கலைன்னு சொல்லிட முடியுமா?”

“அண்ணா...” அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நீ சும்மா இரு. ஏம்ப்பா எக்ஸ்ரே! கடைசியா நீ என்னமோ முனகினியே, அது மட்டும் எனக்குச் சரியா விழல. இந்த ஏரியில ஒரு ஆளு கேட்டா அது சேதிதான். ரெண்டாவது சாட்சி நான் இருக்கேன். சத்தமாச் சொல்லு!”

அவன் அவளைப் பார்த்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் பார்த்தான். பிறகு அண்ணன் இருந்த திசைக்குத் திரும்பி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, எதிர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்த குழுவெல்லாம் நின்று திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

“உங்க தங்கச்சியை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார்!”